ஒரே துளை, வெவ்வேறு வேகம்

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு யூஎஸ்பி-சி இணைப்பைக் கட்டாயமாக்கியதை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆயினும், துளையின் வடிவம் ஒன்றானதாலேயே குழப்பம் தீர்ந்துவிட்டது என்பதை ஏற்க முடியவில்லை. 2023-இல் வெளிவந்த ஐபோன் 15-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் ப்ரோ வகைகள் நொடிக்கு 10 கிகாபிட் வரை தரவைக் கடத்த, சாதாரண வகையோ அதே துளையை வைத்துக்கொண்டு 480 மெகாபிட்டிலேயே, அதாவது 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0-இன் வேகத்திலேயே நின்றுவிட்டது.

கேபிள்களின் நிலை இன்னும் மோசம். 60 வாட்டுக்கு மேல் மின்சாரம் செல்ல வேண்டுமானால், கேபிளுக்குள் அதன் திறனை அறிவிக்கும் சிறு சிப் ஒன்று இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா என்பதை வெளித்தோற்றம் காட்டாது. (மடிக்கணினி மெதுவாகச் சார்ஜ் ஆனால் பழி என்னவோ சார்ஜர் மீதுதான் விழுகிறது.) வேகத்தையும் வாட்டையும் கேபிளின் மீதே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.