ஆச்சியின் கை அளவு

மார்ச் 14, 2025, வெள்ளி

பாஸ்போர்ட் இன்று கூரியரில் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன், ஜெர்மனி விசா ஒட்டியிருக்கிறது. 90 நாள். உடனே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

சென்னையில் கைரேகை வைத்த நாளிலிருந்து மனசுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை அழுத்தியும் என் விரல்கள் பதியவில்லை. 30 வருஷமாகப் பாத்திரம் துலக்கிய கை, ரேகை தேய்ந்துதான் போயிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு நான்காவது தடவை வைத்தபோதுதான் விழுந்தது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, மாப்பிள்ளையின் அழைப்புக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தும், இந்த விரலால் நின்றுவிடுமோ என்று இருந்தது. நிற்கவில்லை.

மகளுக்கு ஏப்ரல் 24 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. ஜெர்மனியில் பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் முன்பும், பிள்ளை பிறந்தபின் எட்டு வாரமும் சட்டப்படியே விடுப்பு உண்டாம். கேட்கவே நிம்மதியாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பின்வாசல் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் போய்ப் பார்த்தால் வேட்டி நிறையப் பூ. காம்பு, சருகு, எறும்பு எல்லாம் போகச் சொளவில் புடைத்து நிழலில் காயவைத்திருக்கிறேன். சித்திரை ஒண்ணாம் தேதி நான் அங்கே இருப்பேன். மாங்காய்ப் பச்சடியில் போட ஒரு சின்ன டப்பா வேப்பம்பூ போதும்.

அங்கேயும் இப்போதுதான் குளிர் விடுகிறதாம். ஸ்டுட்கார்ட்டில் அவள் வீட்டு வேலியோரம், இலை வரும் முன்னே குச்சி முழுக்க மஞ்சளாகப் பூத்திருக்கும் ஒரு செடியை வீடியோவில் காட்டினாள். "சரக்கொன்றை மாதிரி இருக்கே" என்றார் அத்தை, என் மாமியார், மகளுக்கு ஆச்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்ச் 21, வெள்ளி

எதெதைக் கொண்டுபோகலாம் என்று மாப்பிள்ளை விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறார். ஐரோப்பாவுக்குள் பால், கறி சம்பந்தப்பட்ட எதையும் எடுத்துப்போகக் கூடாது. அதனால் நெய் கூடாது, பால்கோவாவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாங்காய்க்கும் அரசாங்கச் சான்று வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அது வேண்டாமாம்.

நெய் இல்லாமல் பிரசவ லேகியம் எப்படி? ராத்திரி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். காலையில் அத்தைதான் சொன்னார். "பொடியாக் கொண்டு போ. அங்க பசு இல்லாமலா இருக்கும்? வெண்ணெயை வாங்கி உருக்கு. போய்க் கிண்டுனா ஆச்சு."

அதுதான் சரி.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைய நாளை விட்டுப்போகாமல் எழுதிவைக்க வேண்டும்.

எனக்கு இரண்டு பிரசவத்துக்கும் மருந்து இடித்துக் கொடுத்தவர் அத்தை. இப்போது 84 வயது. கண்பார்வை மங்கிவிட்டது, கை நன்றாக இருக்கிறது. டவுண் நாட்டுமருந்துக் கடையில் சரக்கு வாங்கிவந்து தார்சாவில் தாள் விரித்துப் பரப்பினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, ஓமம், சீரகம், மல்லி. ஒவ்வொன்றையும் முகர்ந்தே பேர் சொன்னார். திப்பிலியில் இரண்டைக் கடித்துப் பார்த்து, "இது பழசு, மாத்திட்டு வா" என்றார். மறுபடி போய் மாற்றி வந்தேன்.

எது எவ்வளவு என்று கேட்டால், "மிளகு ஒரு கை, ஓமம் ஒரு கை, சுக்கு ரெண்டு கை" என்பதுதான் பதில். என் கை அவர் கையைவிடப் பெரியது, மகளுடையது இன்னும் பெரியது. அடுக்களைத் தராசைக் கொண்டுவந்து வைத்தேன். "அத்தை, நீங்க அள்ளிப் போடுங்க, நான் குறிச்சுக்கிடுறேன்."

மிளகை அள்ளினார். விரல்களை மடக்கி, கையை லேசாக ஒரு குலுக்குக் குலுக்க, விளிம்பில் நின்ற மணிகள் உதிர்ந்தன. மிச்சத்தைத் தட்டில் விட்டார். 31 கிராம். கொட்டிவிட்டுத் திரும்ப அள்ளச் சொன்னேன். 30. மூன்றாம் தடவை 31. ஓமம் 24, 24, 23. அந்த ஒரு குலுக்கில்தான் அளவே இருக்கிறது. அறுபது வருஷத்தில் இந்தத் தெருவில் எத்தனையோ பெண்களுக்கு அள்ளிப்போட்ட கை அது. சட்டென்று கண் நிறைந்துவிட்டது. எழுந்துபோய் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் சுக்கு சூடேறும் முன்பே சீரகம் கருகிவிடும். ஓமம் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கினேன். சுக்கை உரலில் நைத்துக்கொண்டு அப்புறம் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டேன். மெல்லிய துணியில் சலித்துச் சலித்து எடுக்கையில் வீடு முழுக்கத் தும்மல். எல்லா அளவையும் கிராமில் எழுதி மகளுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். அங்கே பிள்ளை பிறந்ததும் முதல் பத்து நாளும் மருத்துவச்சி வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார்களாம். இந்த மருந்தைச் சாப்பிடலாமா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னேன். அத்தைக்கு ஆச்சரியம். "வீட்டுக்கே வாராளா? அப்ப நம்ம ஊர்ல முன்னால இருந்த மாதிரில்லா இருக்கு!"

மார்ச் 30, ஞாயிறு

ஜெர்மனியில் இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்டார்கள். நேற்றுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், இனி மூன்றரை.

காலையில் ஒரே குயில் சத்தம்.

ஏப்ரல் 3, வியாழன்

பெட்டிக்கு 23 கிலோ. பக்கத்து வீட்டு மதினி கொடுத்த தொங்கு தராசில் நிறுத்தால் 26 காட்டியது. எனக்கு வைத்த சேலைகளில் நாலை எடுத்தேன். உடன்குடிக் கருப்பட்டி மட்டும் ஒரு கிலோ குறைத்தேன். அத்தையின் பழைய நூல் சேலைகள் இரண்டையும் எடுக்க மனம் வரவில்லை. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன துணி, பிள்ளையை அதில்தான் முதலில் சுற்ற வேண்டும். கடைசியில் 22.8.

இவருக்கு ரசமும் துவையலும் வைக்கப் பழக்கிவிட்டேன். அத்தையின் பிரஷர் மாத்திரைகளை வாரவாரியாகப் பிரித்து, காலை ராத்திரி என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் அம்மாவை அவர் நன்றாகவே பார்த்துக்கொள்வார். தெரிந்தும் அடிக்கடி அத்தை அறைப் பக்கமே போய் நிற்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மத்தியானம் கார் வருகிறது. திருவனந்தபுரம் போய் விமானம், வளைகுடாவில் ஒரு மாற்றம், நாளை ஃபிராங்க்ஃபர்ட். மாப்பிள்ளை அங்கே வந்து நிற்பார்.

11-ம் தேதி பங்குனி உத்திரம். வருஷம் தவறாமல் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போவோம், இந்த வருஷம் நான் இல்லை. காலையில் அத்தை கூப்பிட்டு, மஞ்சள் துணியில் முடிந்த காசைக் கையில் வைத்தார்.

"தொட்டில்ல கட்டு. ஆனித் தேருக்கு நீ வந்துருவெல்லா, அப்ப அவுத்துக் கொண்டா. நானே வந்து கோயில்ல போடுதேன்."

பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.