ஒப்பந்தமும் எல்லையும்: வகுப்பறையிலிருந்து சில குறிப்புகள்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியை அண்டிய பாடசாலையொன்றில் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். ஒப்பந்தங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மாணவர்கள் எளிதாக மனனம் செய்துவிடுகிறார்கள். அருகருகே இருந்துகொண்டு ஒன்றையொன்று சந்தேகிக்கும் இரு வல்லரசுகள் ஏன் கைகோக்கின்றன என்று கேட்கும்போதுதான் இடறுகிறார்கள். நட்பு நாடு, பகை நாடு என்ற இரண்டு தலைப்புகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கப் பழகியவர்களுக்கு இரண்டிலும் அடங்காத உறவு குழப்பமாகவே இருக்கும். ஆனால் உலக அரசியலில் விளைவுகள் மிகுந்தவை பெரும்பாலும் அத்தகைய உறவுகளே என்பது என் கருத்து.

இதை விளக்க நான் முதலில் எடுத்துக்கொள்வது, 1950 பெப்ரவரி 14இல் மொஸ்கோவில் கைச்சாத்தான சீன–சோவியத் ஒப்பந்தம். 1949 டிசெம்பரில் மொஸ்கோ சென்ற மாவோ சேதுங், ஸ்டாலினின் தயக்கங்களைக் கடந்து அதைப் பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அங்கே தங்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அந்த ஒப்பந்தம் யப்பானையும், அதனுடன் சேரக்கூடிய நாடுகளையும், அதாவது அமெரிக்காவை, மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு வீத வட்டியில் 300 மில்லியன் டொலர் கடனும் கூடவே வந்தது. ஆயினும் 1858, 1860 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அமூர், உசூரி ஆறுகளை அண்டிய பெருநிலப்பரப்பை ரஷ்யப் பேரரசிடம் இழந்த நினைவு சீனாவில் மறையவில்லை. ஆற்றுத் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கும் விடை காணப்படவில்லை. 1960இல் சோவியத் தலைவர் குருசேவ், சீனாவிலிருந்த சோவியத் நிபுணர்களைத் திருப்பியழைத்தார். 1969 மார்ச்சில், சீனர் சென்பாவோ என்றும் ரஷ்யர் டமன்ஸ்கி என்றும் அழைக்கும் உசூரித் தீவில் இரு படைகளும் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தின. பரஸ்பர உதவியை உறுதிசெய்த ஒப்பந்தம் அன்றும் நடைமுறையில் இருந்தது. 1980இல்தான் அது காலாவதியானது.

"ஒப்பந்தம் இருக்கேக்கையே ஏன் ரீச்சர் அடிபட்டவை?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் வாய் திறப்பதற்கு முன்பே பின்வரிசையிலிருந்த ஒருவன் பதில் சொன்னான்: "அப்பாவும் பக்கத்து வயல்காரரும் வரம்புச் சண்டையில கதைக்கிறேல்லை, யானை வந்தா மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெடி கொளுத்துறவை." நான் பல பாடவேளைகளில் சொல்ல முயன்றதை அவன் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டான். யானையை விரட்டச் சேர்ந்ததால் வரம்புச் சண்டை தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் வயல்காரர்களுக்கு மேலே கமக்கார அமைப்பும் கமநல சேவை நிலையமும் இருக்கின்றன. வல்லரசுகளின் வரம்பைத் தீர்த்துவைக்க அவற்றுக்கு மேலே எவரும் இல்லை. அதனால்தான் சோவியத் படைகளைக் கூடுதலாக அஞ்சத் தொடங்கிய சீனா, யார் வருவதைத் தடுக்க ஒப்பந்தம் எழுதியதோ அந்த அமெரிக்காவுடனேயே பேசியது. 1972 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பீஜிங் சென்றார்.

1939 ஓகஸ்ட் 23இல் கைச்சாத்தான, ஒன்றையொன்று தாக்குவதில்லை என்ற ஜேர்மன்–சோவியத் உடன்படிக்கையை இதற்குப் பின்னரே கற்பிக்கிறேன். போலந்தைப் பங்கிட்டுக்கொண்ட இருவருக்கும் இடையில் வணிகமும் நடந்தது. 1941 ஜூன் 22 அதிகாலையில் ஹிட்லரின் படைகள் தாக்குவதற்குச் சில மணிநேரத்துக்கு முன்புவரை, சோவியத் தானியம் ஏற்றிய புகையிரதங்கள் எல்லையைக் கடந்து ஜேர்மனியின் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வணிகம் நடப்பதைக் கொண்டு நம்பிக்கையை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலிய சான்றை நான் அறியேன்.

இன்றைய சீன–ரஷ்ய உறவுக்கு வரும்போது, 2001ஆம் ஆண்டின் நல்லயல் உறவு ஒப்பந்தத்தை 1950இன் ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 1950இன் ஒப்பந்தத்தில் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் படையுடன் உதவ வேண்டும் என்ற கடப்பாடு இருந்தது. எல்லை தீராமல் இருந்தது. 2001இன் ஒப்பந்தத்தில் அந்தக் கடப்பாடு இல்லை. ஆனால் 1991இல் தொடங்கிய எல்லை உடன்பாடுகள் 2004இல் நிறைவடைந்து, 2008இல் ஆற்றுத் தீவுகளின் கையளிப்பும் முடிந்தது. 2022 பெப்ரவரியில் இரு தலைவர்களும் தம் நட்புக்கு எல்லையில்லை என அறிவித்தபோது செய்தித்தாள்கள் அந்தச் சொல்லையே தலைப்பாக்கின. என்னைக் கேட்டால், அந்த அறிவிப்பைவிட, ஏறத்தாழ 4,200 கிலோமீற்றர் எல்லையை அமைதியாக அளந்து முடித்த வேலைக்கே கூடுதல் எடை உண்டு.

எங்கள் பிள்ளைகளுக்கு இது தொலைதூரத்து விடயமன்று. பாடசாலைக்கு வரும் ஏ-9 வீதி போருக்குப் பின் சீனக் கடனில் புனரமைக்கப்பட்டது; அதற்கு அருகாகவே மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் வழியாகச் செல்லும் புகையிரதப் பாதையை இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் மீளமைத்தது. ஒருவரையொருவர் விழிப்போடு பார்த்துக்கொள்ளும் இரு அயல் வல்லரசுகளின் வேலைகள் எங்கள் ஊர்களுக்குள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

அதைவிடக் கனமானது 2009 மே 27. போர் முடிந்து சில நாள்களே ஆகியிருந்த அன்று ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவை 12. ஆதரித்தவற்றுள் இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா நான்கும் இருந்தன. என் மாணவர்கள் பலரின் பெற்றோர் அந்த வாரத்தில் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தவர்கள். ஆகவே இதைப் படிப்பிக்கும்போது குரலை நிதானமாக வைத்துக்கொள்ள மிகவும் முயல்கிறேன். அந்த நான்கு நாடுகளும் ஒரே பக்கம் வாக்களித்தது கூட்டணியா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கூட்டணியல்ல, தம் நாட்டுக்குள் நடப்பதை வெளியார் விசாரிப்பதை விரும்பாத அரசுகளின் நலன்கள் அன்று ஒரே திசையில் அமைந்தன என்று விளக்குகிறேன். 2012 மார்ச்சில் இலங்கையிடம் பொறுப்புக்கூறலைக் கோரி அமெரிக்கா அதே பேரவையில் கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, சீனா எதிர்த்தது. இரண்டு வாக்கெடுப்புகளையும் அருகருகே எழுதி, இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் எந்த அரசின் கணக்கு எதனால் மாறியது என்று ஆராய்ந்து எழுதுவதையே இத்தவணையின் ஒப்படையாகக் கொடுத்திருக்கிறேன்.