புழு வயிற்றில் பெருகும் நுண்ணுயிர்

பர்மாவில் பெகு பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். மழைக்கால நெல் அறுத்ததும் உளுந்து விதைப்போம். வருடா வருடம் யூரியாவே போட்டு மண் இறுகிப் போய்விட்டது, ஏர் இறங்க மறுத்தது. மண்புழு உரத்தில் இறங்கியது அதனால்தான். வெறும் புழு உரமாக நிற்காமல் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லம், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா, அழுகல் நோயை அடக்கும் சூடோமோனாஸ் என்ற மூன்று நல்ல பாக்டீரியாக்களையும் அதிலேயே பெருக்கிவிட வேண்டும் என்று ஆசை.

முதல் தடவை எல்லாமே கெட்டது. பச்சைச் சாணம், வைக்கோல், புழு, நுண்ணுயிர்ப் பொடி எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டியில் கொட்டினேன். மூன்றாம் நாள் உள்ளே கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மக்கும் குவியல் 60 டிகிரிக்கு மேலும் போகும். பாதிப் புழு செத்தது, மீதி சுவரேறி ஓடியது. அந்தச் சூட்டில் நுண்ணுயிர் எங்கே பிழைக்கும்? பொடியும் கடையில் வெயில் படுகிற தட்டில் கிடந்த பொட்டலம். வாங்கும்போதே தேதியைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த முறை அவசரப்படவில்லை. சாணத்தையும் வைக்கோலையும் நிழலில் குவித்து, தண்ணீர் தெளித்து, வாரம் ஒரு முறை புரட்டினேன். இருபது நாளில் சூடு அடங்கியது. அப்புறம் ஓலைக் கூரையின் கீழ் ஆறடிக்கு மூன்றடித் தொட்டியில் சுமார் 300 கிலோ நிரப்பி, ஒரு வீசை ஆப்பிரிக்கப் புழு விட்டேன். (இங்கே இன்னும் வீசைக் கணக்குதான், கிட்டத்தட்ட 1.6 கிலோ.) பெகு மழை சாதாரண மழையில்லை. தொட்டி அடியில் செங்கல் ஜல்லி போட்டு நீர் வடிய வழி விடாவிட்டால் புழு மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

புழு விட்டு இருபதாம் நாள்தான் நுண்ணுயிர் சேர்த்தேன். ஒரு டன் கழிவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் மூன்றும் சேர்த்து 300 கிராம். குளத்துத் தண்ணீரில் கரைத்து, கைப்பிடி வெல்லம் போட்டு, சாயங்காலம் தெளித்துச் சாக்கால் மூடினேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது.

இங்கேதான் புழுவின் வேலை. அதன் குடலில் ஈரம் உண்டு, புளிப்போ காரமோ அதிகமில்லை, சளி போன்ற ஒரு சுரப்பும் இருக்கிறது. நுண்ணுயிருக்கு அது உடனே செரிக்கிற தீனி. புழு எல்லாவற்றையும் வளர்த்துவிடாது, சிலதைத் தின்று செரித்தும் விடும். ஆனால் அதன் எச்சத்தில், உள்ளே போன மக்கைவிட நன்மை செய்யும் பாக்டீரியா பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். போதாததற்குப் புழு தொட்டி முழுக்க ஊர்ந்து அவற்றைப் பரப்பிக்கொண்டே இருக்கிறது. எத்தனை முறை கிளறினாலும் மண்வெட்டியால் அது ஆகாது.

ஐம்பத்தைந்து நாளில் உரம் கருத்து, தேயிலைத் தூள் மாதிரி பொலபொலவென்று வந்தது. அம்மா வழக்கம்போல முற்றத்து வெயிலில் பரப்பிவிட்டார். "காயாட்டா பூஞ்சணம் பிடிக்கும்பா" என்றார். வெயில் பட்டால் வளர்த்ததெல்லாம் சாகும் என்று சொல்லி நிழலுக்கு மாற்றினோம். பிடித்தால் உதிராத அளவு ஈரத்தோடு சாக்கில் கட்டி, ஒரு மாதத்துக்குள் வயலில் போட்டோம். கூடவே யூரியா போடவில்லை.

உளுந்து வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது முடிச்சுகள் நிறைய, வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. பக்கத்து வயல்காரர் புழு உரம்தான் காரணம் என்றார். அது ரைசோபியத்தின் வேலை, பயறு வேரில் முடிச்சுக் கட்டிக் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கிற பாக்டீரியா அது. விதையை ஆறின கஞ்சியில் அந்தப் பொடியோடு தனியே புரட்டித்தான் விதைத்திருந்தேன். புழு உரத்தின் பலனை மிளகாய் நாற்றங்காலில் பார்த்தேன். வருடா வருடம் தண்டழுகிச் சாய்கிற நாற்றில் இந்த முறை மிகச் சிலதே சாய்ந்தன.

இப்போது இரண்டாவது தொட்டி கட்டுகிறேன். பக்கத்து வயல்காரருக்கு அரை வீசைப் புழு தருவதாகச் சொல்லியிருக்கிறேன், அவர் சாணக் குவியல் ஆறின பிறகு.