சென்னை – டொராண்டோ: தூரம் ஒன்று, நேரம் வேறு

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 15 மணி நேரம் வருகிறது. குடிபெயர்பவர்கள் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. நேரடி விமானம் இல்லாததால் லண்டன், பிராங்க்பர்ட், துபாய் என்று எங்காவது மாறியே ஆக வேண்டும். இந்த மூன்றில் எந்த வழியில் போனாலும் பறக்கும் தூரம் 14,000 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பயணம் 21 மணி நேரத்தில் முடியுமா, 30 மணி நேரம் இழுக்குமா என்பது காத்திருப்பைப் பொறுத்தது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். டொராண்டோ குளிர்காலத்தில் இந்தியாவைவிட பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம். ஜனவரியில் அதிகாலை 3.30க்குக் கிளம்பி அன்றே மாலை 4 மணிக்கு இறங்குவதாக இருந்தால், கடிகாரப்படி பன்னிரண்டரை மணி நேரம். அதோடு பத்தரையைக் கூட்டினால் 23. உடம்பு உணர்வது இந்த 23 மணி நேரத்தைத்தான்.

தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செவ்வாய் அதிகாலை 1.30 விமானம் என்றால் திங்கள் இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது, டொராண்டோவில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறினால் சென்னையில் இறங்குவது பெரும்பாலும் ஞாயிறு. டிக்கெட்டில் வரும் நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள ‘+2’ அதைத்தான் சொல்கிறது. அழைக்க வருபவர்களிடம் கிழமையைச் சேர்த்தே சொல்லுங்கள்.

மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் இருந்தால் ஆபத்து. பாதுகாப்புச் சோதனை மறுபடி உண்டு, சில இடங்களில் முனையமே மாறும். ஆள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பின்தங்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் மூன்று மணி நேரமாவது விடுவது நல்லது. மலிவு என்று இரண்டு தனி டிக்கெட்டுகள் எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது; பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க, இடையிலுள்ள நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம். அமெரிக்கா வழியாகப் போனால் மாறிச் செல்லும் இந்தியப் பயணிக்கும் விசா கட்டாயம்.

நிரந்தர வதிவிட உரிமையோடு (PR) முதன்முறை வருபவர்களின் குடிவரவு வேலை, கனடாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே நடக்கும். அங்கிருந்து கால்கரிக்கோ வான்கூவருக்கோ அடுத்த விமானம் இருந்தால், நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுங்கத்தில் காட்ட, கொண்டுவரும் பொருட்களுக்கும் பின்னால் வரவிருக்கும் பொருட்களுக்கும் தனித்தனிப் பட்டியல், இரண்டு பிரதிகள், கைப்பையில் இருக்கட்டும்.

உடல் புது நேரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்றுதான் நகரும். பத்தரை மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பிடிக்கும். வேலை நேர்காணலையும் வீட்டு ஒப்பந்தக் கையெழுத்தையும் முதல் மூன்று நாட்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.