0 கேபி என்று நிற்கும் லாக் ஃபைல்: எக்ஸ்ப்ளோரர் பழைய தகவலைக் காட்டினால்

இரவு பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில், பேக்கப் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலின் அளவு 0 கேபி, மாற்றிய நேரம் 10:02. அரை மணி நேரம் கழித்தும் அதே 0, அதே 10:02. எஃப்5 அழுத்தியும் அசையவில்லை. தயவுசெய்து இந்த இடத்தில் பேக்கப்பை நிறுத்திவிடாதீர்கள், ஃபைலை அழித்தும்விடாதீர்கள். அநேகமாக வேலை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கும்.

அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தோம். அளவு 214 எம்பி. அதை மூடிவிட்டு எஃப்5 அழுத்தினோம். பட்டியலிலும் 2,19,136 கேபி வந்துவிட்டது.

காரணம், விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் வேலை செய்யும் விதம். ஃபைலின் உண்மையான அளவு அதன் சொந்தப் பதிவில் இருக்கும். ஃபோல்டரின் பட்டியலில் இருப்பது அதன் நகல். ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டே இருக்கும்வரை இந்த நகல் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. ஃபைலை மூடும்போதுதான் சரியாகும். எக்ஸ்ப்ளோரர் படிப்பது நகலை. எஃப்5 அழுத்தினால் அதே பழைய நகலைத்தான் திரும்பப் படிக்கும். ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலையே திறந்து கேட்பதால் சரியான எண் கிடைக்கிறது. அது திறந்து மூடியதிலேயே நகலும் சரியாகிவிட்டதால்தான் அடுத்த எஃப்5-இல் பட்டியல் மாறியது. கமாண்ட் ப்ராம்ப்டில் ஃபைல்களைப் பட்டியலிடும் ‘டிர்’ கட்டளையை அடித்துப் பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள், அதுவும் பட்டியலைத்தான் படிக்கிறது.

ஃபைலை யார் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பகுதிக்குப் போய், ஹேண்டில் (புரோகிராம் திறந்துவைத்திருக்கும் ஃபைலின் பிடி) தேடும் பெட்டியில் ஃபைல் பெயரைப் போடுங்கள். ஷேர் செய்த ஃபோல்டர் என்றால் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ்.

அளவைப் பார்த்து எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஃபோல்டர் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து அதனிடமே அளவைக் கேளுங்கள். திறக்கும்போது மற்றவர் எழுதுவதற்கும் அனுமதி கொடுத்துத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது’ என்ற பிழைதான் வரும்.

நெட்வொர்க் ஷேரில் இன்னொரு சிக்கலும் உண்டு: பக்கத்து மேசைக்காரர் ஷேரில் போட்ட ஃபைல் உடனே இங்கே தெரியாது. விண்டோஸ் தன் பக்கத்திலேயே ஃபோல்டர் பட்டியலையும் ஃபைல் விவரத்தையும் 10 விநாடியும், ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்ற பதிலை 5 விநாடியும் நினைவில் வைத்திருக்கும். அதனால் முதலில் கால் நிமிடம் பொறுத்து எஃப்5 அழுத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இந்த நேரங்களை விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், நெட்வொர்க் ஷேர்களை அணுக உதவும் லேன்மேன்வொர்க்ஸ்டேஷன் சர்வீஸின் பாராமீட்டர்ஸ் கீழே 0 ஆக்கிவிட முடியும்தான். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு முறையும் சர்வரையே கேட்கும். ஆயிரக்கணக்கில் ஃபைல் உள்ள ஃபோல்டர் திறக்கவே திணறும். ஃபைல் வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டிய புரோகிராம் ஓடுகிற ஒரே ஒரு மெஷினில் மட்டும் செய்தால் நியாயம், அலுவலகம் முழுக்க வேண்டாம்.