கீழ்ப்புள்ளி: கப்ரமட்டா நாட்குறிப்பு

2026 ஜனவரி 5, திங்கள்

சிட்னியின் கப்ரமட்டாவில் ஒரு வியட்நாமியக் குடும்பத்தின் ரொட்டிக் கடை; புதுப்பிக்கும் வரைபடம் என்னுடையது. கடையை இன்று மூடிவிட்டோம். பெப்ரவரி 14 திறக்க வேண்டும், 17 தெத், அவர்களின் புத்தாண்டு. நடுவில் நாற்பது நாள். தெத்துக்கு முந்தைய மூன்று நாள் வியாபாரம்தான் வாடகையைக் கட்டும் என்று கடைக்கார அம்மாவின் மகள் மூன்று தடவை சொல்லிவிட்டாள். தரை டைல்ஸ் இன்னும் துறைமுகத்தில்.

ஜனவரி 7

பலகைக்காரரின் முதல் வரைபடம் வந்தது. புள்ளி இல்லை.

கடைக்கு அம்மாவின் பெயர்தான். அதில் எழுத்துக்கு மேலே கூரை மாதிரி ஒரு குறி, கீழே ஒரு புள்ளி. புள்ளி போனால் வியட்நாமிய மொழியில் அது பேரிக்காய். போன் செய்தேன். எழுத்துக்குள் எல்.இ.டி. வைக்கிறோம், அவ்வளவு சின்னப் புள்ளிக்குள் விளக்கு அடங்காது, தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது, விட்டுவிடலாம் என்றார். முடியாது என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. இப்போது, இரவு பதினொன்றரைக்கு, சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வருகிறது. நம் ஓலைகளிலும் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். ஓலை கிழிந்துவிடும் என்ற பயம். படிக்கிறவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். அக்ரிலிக் எங்கே கிழியப்போகிறது?

ஜனவரி 8

அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். மகள் இன்று நிறம் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 12

பழைய பலகையை இறக்கினோம். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் 'ஹாட் பிரெட்'. 1986இல் எழுதியவருக்கு வியட்நாமியக் குறிகள் தெரியாது. கூரையும் இல்லை, புள்ளியும் இல்லை. துடைக்கும்போது எழுத்தின் கீழே வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு பொட்டு. அழுக்கென்று நினைத்துத் தேய்க்கப் போனேன். மகன் கையைப் பிடித்துவிட்டான். கடை திறந்த முதல் வாரம் அம்மா ஏணியில் ஏறி நகப்பூச்சால் வைத்ததாம். கூரை போட எட்டவில்லையாம்.

அந்த இடத்தை மட்டும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பலகைக்காரருக்கு அனுப்பவில்லை. ஏனோ மனம் வரவில்லை.

ஜனவரி 15

பொங்கல். காலையில் பால் பொங்கியதும் நேரே கடைக்கு ஓடினேன். சின்னம்மா பான் போ நூங் கொண்டுவந்தார், தேன்கூடு போல ஓட்டை ஓட்டையான பச்சைக் கேக். வெட்டியதும் ரம்பை இலை மணம்! எங்கள் வீட்டுக் கறிச்சட்டியின் மணம் இவர்களிடம் இனிப்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்போம் என்று சொன்னேன். தாங்களும் பான் என்பதாகவும், ஆனால் மாவில் செய்த எல்லாமே பான் என்றும் சொன்னார். அடுத்த கட்டிக்குக் கை நீட்ட வைத்துவிட்டார்.

ஜனவரி 19

சாமி மேடையைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

நிலச் சாமி ஓங் தியாவும் செல்வச் சாமி 'தன் தாய்' என்பவரும் தரையில்தான் இருக்க வேண்டும், வாசலைப் பார்த்தபடி. அலமாரியில் ஏற்றக் கூடாது. நிலத்துக்குரிய தெய்வம் நிலத்தில். காலையில் முதல் கோப்பி அவருக்குத்தான், பிறகுதான் வாடிக்கையாளருக்கு. என் வரைபடத்தில் அவருக்கு இடமே இல்லை. கவுண்டர், கண்ணாடிப் பெட்டி, வரிசை நிற்கும் இடம், கை கழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. மகள் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அந்த மூலையில் விரலை வைத்தாள். அங்கே நான் குளிர்பானப் பெட்டி போட்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

குளிர்பானப் பெட்டியைச் சுவருக்குள் தள்ளினால் 600 மில்லிமீட்டர் கிடைக்கும். தாழ்வாக ஒரு பிளக், சாம்பல் விழக் கிரானைட் துண்டு, புகை சமையல் பக்கம் போகாமல் ஒரு தடுப்பு. தரையும் சுவரும் சேரும் இடத்தை உருட்டிவிட்டால் கழுவவும் வசதி. சரியாக வரும். வர வேண்டும்.

ஜனவரி 22

விலைச் சீட்டு மாதிரிகள். தேங்காய் பானுக்கு அன்னாசி என்று அச்சாகியிருக்கிறது. எழுத்துகள் அதேதான், குறி மட்டும் சாயும் பக்கம் மாறிவிட்டது. குறியே இல்லாவிட்டால் முலாம்பழம் வகை. இந்த மொழிக்குப் பெரியதும் சிறியதுமாக 134 குறியிட்ட எழுத்து வடிவங்கள் வேண்டும். நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய ஃபான்டில் பாதிக்கு மேல் ஒட்டுப்போட்டவை. கூரைக்கு மேல் கோடு வரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடிக்கிறது. வேறு ஃபான்ட். பணம் போனது போனதுதான்.

ஜனவரி 23

மழை. டைல்ஸ் வரவில்லை.

ஜனவரி 28

மகளுக்கு வெள்ளைச் சுவர், மரநிறம், நிறைய வெறுமை வேண்டும். 'பை' என்ற இறைச்சிப் பணியாரம், சாசேஜ் ரோல், லாமிங்டன் கேக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வியட்நாமிய சான்ட்விச்சான பான் மீ மட்டும் வைப்போம் என்கிறாள். அவள் தரப்பு எனக்குப் புரிகிறது. சின்ன வயதில் பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாட்டை மறைத்துத் தின்றவள், இப்போது அதை நடுவில் வைத்துக் காட்ட விரும்புகிறாள். ஆனால் காலை ஆறு மணிக்கு வரும் கட்டட வேலைக்காரர்கள் பையும் ரோலும் பான் மீயும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்த மூன்றும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததுதான் இந்தக் கடை. அப்படியே சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி ஆன்," என்றாள். ஆன் என்றால் அண்ணன். பைப் பெட்டி 60 பாகைக்கு மேல், பான் மீக்குள் பூசும் பாத்தே என்ற இறைச்சி விழுதும் முட்டை வெண்ணெயும் 5 பாகைக்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் ஆள் நிற்க இடம் விட்டு மறுபடி வரைந்தேன்.

பெப்ரவரி 3

வழி கிடைத்தது. எழுத்துக்குள் விளக்கே வேண்டாம். வெட்டிய உலோக எழுத்து, மேலிருந்து விளக்கு. புள்ளி தனித்துண்டு, 45 மில்லிமீட்டர், பின்னால் ஒரு ஆணி. பலகைக்காரர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

பெப்ரவரி 10

அடுப்புச் சாமி வானுலகம் போகும் நாள். அம்மா கட்டிலில் இருந்தபடியே போன் போட்டுக் கேட்டார், படையல் வைத்தாயிற்றா என்று. புது அடுப்புக்கு இன்னும் இணைப்பு வரவில்லை. சின்னம்மா முகாம் அடுப்பொன்றைத் தரையில் வைத்துப் பழம், ஊதுபத்தி, காகித மீன் எல்லாம் வைத்தார். தச்சர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

போனை என்னிடம் கொடுத்தார்கள். "கொன், என் பெயர் சரியாக இருக்கிறதா?" என்றார். கொன் என்றால் பிள்ளை. சரியாக இருக்கிறது அம்மா என்றேன். அப்போது பலகை பட்டறையில்தான் இருந்தது.

எங்கள் அப்பாவின் கடைப் பலகையை 95இல் கதவோடு விட்டுவிட்டு வந்தோம். அதில் எந்த எழுத்து எப்படி வளைந்திருந்தது என்று இன்று முழுக்க நினைத்துப் பார்க்கிறேன். 'ழ' மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

பெப்ரவரி 12

எழுத்துகள் வந்தன. வடிவாக இருக்கின்றன. கூரை இருக்கிறது. புள்ளி பெட்டியில் இல்லை.

பெப்ரவரி 13

சுவரில் துளை போட்டாயிற்று. நாளைக் காலை ஆறு மணிக்குப் பட்டறையிலிருந்து கொண்டுவருவதாகச் சொல்கிறார். அம்மாவை எட்டு மணிக்குக் கூட்டி வருகிறார்கள்.