யூகான் கரையில் ஒரு மிஷன்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 11

1862-ல் ஹட்சன் பே என்ற தோல் வணிகக் கம்பெனியின் படகுகள் அலாஸ்காவில் யூகான் ஆற்றங்கரையில் இருந்த ஃபோர்ட் யூகான் வணிகக் கோட்டைக்குப் போனபோது, கூடவே இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஆங்கிலிக்கன் போதகர் ராபர்ட் மெக்டொனால்டு, இன்னொருவர் கத்தோலிக்கக் குருவானவர் செகென். இருவருமே அந்த வடபகுதிப் பூர்வகுடிகளான குவிச்சின் மக்களைத் தேடித்தான் போனார்கள். ஆனால் முந்தின வருஷமே கிர்க்பி என்ற ஆங்கிலிக்கன் போதகர் அங்கே போய்ப் பிரசங்கித்துவிட்டு வந்திருந்தார். குளிர்காலம் முழுக்க இருந்து பார்த்த செகென் திரும்பிவிட்டார்.

ஜனவரி 12

மெக்டொனால்டுக்குத் தாய்வழியில் ஒஜிப்வே என்ற பூர்வகுடியின் ரத்தம். பிறந்தது கனடாவின் ரெட் ரிவர் குடியேற்றத்தில். வடக்கே வந்த சில வருஷங்களிலேயே செங்காய்ச்சல் பரவிப் பல முகாம்களைக் காலி செய்தது.

கரிபு மான் போகும் வழியே போகிற மக்களுக்கு ஒரே இடத்தில் கோயில் கட்டி வைத்து என்ன பயன்? அதனால் முகாமுக்கு முகாம் அவர்களிலேயே சிலரைப் பழக்கி, ஜெபம் நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் உபதேசியார்கள். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கம்தான் திருநெல்வேலிக் கிராமங்களிலும் உபதேசியார்களை வைத்தது. போதகர் வருஷத்தில் சில நாள் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் பனியில் சபையைக் காத்தவர்கள் இவர்கள்தான். என் மதிப்பில் அந்த மிஷனே இவர்கள்தான்.

ஜனவரி 15

மெக்டொனால்டு 1876-ல் ஜூலியா குடுக் என்ற குவிச்சின் பெண்ணை மணந்தார். வேதாகமத்தைக் குவிச்சின் மொழிக்குக் கொண்டுவந்ததில் ஜூலியாவின் உதவி பெரிது. புதிய ஏற்பாடு 1886-ல், முழு வேதாகமம் 1898-ல் வெளிவந்தன. பெயர் மட்டும் மெக்டொனால்டுக்கே போயிற்று. எனக்கு இது ஆறவே இல்லை.

ஜனவரி 19

இன்று படித்தது மனதைக் கனக்க வைத்தது. குவிச்சின் மொழியில் வேதம் கொடுத்த அதே ஆங்கிலிக்கன் சபை, 1890-களில் வடகனடாவின் ஹே ரிவரில் விடுதிப் பள்ளி தொடங்கியது. குவிச்சின் மக்கள் வாழும் பீல் ஆற்றுப் பக்கத்துப் பிள்ளைகளும் நெடுந்தூரம் கடந்து அங்கே அனுப்பப்பட்டார்கள். அப்பா அம்மா முகம் பார்க்காமல் வருஷக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில். இப்படிப்பட்ட பள்ளிகளுக்காகக் கனடா ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ் மன்னிப்புக் கேட்டது 1993-ல்தான். அதற்குள் எத்தனை தலைமுறை போயிருக்கும்!

மெக்டொனால்டின் நல்ல பணியைச் சொல்லி இதை மூடிவிடக் கூடாது. இதைச் சொல்லி ஜூலியாவின் உழைப்பையும் தள்ளிவிடக் கூடாது. சரி, அடுத்து ஃபோர்ட் யூகானில் உபதேசியாராக இருந்து டீக்கனான குவிச்சின்காரர் வில்லியம் லூலாவைப் பற்றிப் படிக்கப் போகிறேன்.